இரண்டாவது காலுறை

சிங்கப்பூரில் கம்பளிக் காலுறைக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கலாம். ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி வரும் ஊர் இது. இரவில்கூட மின்விசிறி இல்லாமல் பலரால் உறங்க முடிவதில்லை. ஆனால், இதே ஊரில் குளிரால் நடுங்குபவர்களும் இருக்கிறார்கள். சிறுநீரகம் செயலிழந்து, ரத்தச் சுத்திகரிப்புச் சிகிச்சை பெறுபவர்கள் அவர்களுள் ஒரு பிரிவினர்.

வாரத்தில் 3 நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் அவர்கள் சாய்வு நாற்காலியில் அமர்ந்திருக்க வேண்டும். அவர்களுடைய ரத்தம் குழாய் வழியாக இயந்திரத்துக்குச் சென்று, சுத்தமாகி, மீண்டும் உடலுக்குத் திரும்புகிறது. அப்படி வெளியே சென்று வரும்போது ரத்தம் சற்றுக் குளிர்ந்துவிடக்கூடும். அறையோ குளிரூட்டப்பட்டது. கையில் ஊசி குத்தியிருப்பதால் அதிகம் அசையவும் முடியாது. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாலும் பாதங்கள் சில்லிட்டுப் போகின்றன.

தோ பாயோவில் உள்ள ஓர் அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் 72 வயது மூதாட்டிக்கும் இதே தொல்லைதான். அவருக்கு நீண்டகாலமாக நீரிழிவு நோய் உண்டு. அதன் விளைவாகச் சிறுநீரகமும் பழுதாகிவிட்டது. சிகிச்சை முடிந்து வீடு திரும்பும்போதெல்லாம், "காலில் ஐஸ் கட்டியைக் கட்டி அனுப்பியது போல இருக்கிறது" என்பார். கடையில் வாங்கிய காலுறைகளை மருமகள் அணிவித்துப் பார்த்தார். அவற்றின் மேல்விளிம்பில் இருந்த ரப்பர் பட்டை, கணுக்காலுக்கு மேலே ஆழமான தடத்தைப் பதித்தது.

அதைப் பார்த்த தாதி எச்சரித்தார். நீரிழிவு நோயாளிகள் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடும். காலுறை இறுக்கினாலும், உள்ளே இருக்கும் தையல் உராய்ந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. தெரியாமலே புண் உண்டாகும். அந்தப் புண் எளிதில் ஆறாது. சில வேளைகளில் விரலையோ பாதத்தையோ இழக்கும் நிலைகூட வரலாம். எனவே, இறுக்கமான பட்டையும் தடித்த தையலும் இல்லாத காலுறையே வேண்டும் என்றார் அவர்.

நீரிழிவு நோயாளிகளுக்கென்றே தயாரிக்கப்படும் காலுறைகளும் கடைகளில் கிடைக்கின்றன. மருமகள் அவற்றையும் வாங்கினார். அவை இறுக்கவில்லை, ஆனால் மெல்லிய பருத்தியால் ஆனவை என்பதால் அந்த அறையின் குளிருக்குப் போதவில்லை. அப்போதுதான் பக்கத்து வீட்டு ஆண்டியின் நினைவு அவருக்கு வந்தது. அந்தச் சீன மூதாட்டி மாலை நேரங்களில் புளோக்கின் கீழ்த்தளத்தில் அமர்ந்து, பேரக்குழந்தைகளுக்குக் கம்பளித் தொப்பி பின்னிக்கொண்டிருப்பார். "எனக்குக் கற்றுத் தருவீர்களா, ஆண்டி?" என்று மருமகள் கேட்டார். ஆண்டி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பெலான் பெலான்" என்றார். மெதுவாக, மெதுவாக என்று பொருள். பாடம் தொடங்கும் முன்பே கிடைத்த முதல் அறிவுரை அது.

காலுறை பின்னத் தேவைப்படும் பொருள்கள் குறைவு. இரு முனையும் கூராக இருக்கும் மெல்லிய ஊசிகள் 5, நூற்கண்டு ஒன்று. ஊசியின் தடிமன் இரண்டரை மில்லிமீட்டர்தான். சத்தே குச்சி அளவுகூட இல்லை. நூல் 100 கிராம் எடை. அதன் நீளமோ ஏறக்குறைய 400 மீட்டர். பள்ளித் திடலின் ஓடுபாதையை ஒருமுறை சுற்றி வரும் தூரம்! அந்த நூலில் முக்கால் பங்கு கம்பளி, கால் பங்கு நைலான். கம்பளி வெப்பத்தைத் தக்கவைக்கும்; நைலான் குதிகால் விரைவில் தேய்ந்துபோகாமல் காக்கும்.

ஆண்டி 64 கண்ணிகளை ஊசியில் ஏற்றச் சொன்னார். அவற்றை 4 ஊசிகளில் பதினாறு பதினாறாகப் பிரித்து, வட்டமாக இணைத்து, ஐந்தாவது ஊசியால் சுற்றிச் சுற்றிப் பின்ன வேண்டும். பின்னலில் இருப்பவை அடிப்படையில் இரண்டே அசைவுகள். நூலைப் பின்னால் வைத்துக் கண்ணியை எடுத்தால் 'நிட்'. நூலை முன்னால் கொண்டுவந்து எடுத்தால் 'பர்ல்'. இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று மாற்றி மாற்றிப் பின்னும்போது துணி தானாகவே விரிந்து சுருங்கும். ரப்பர் பட்டை இல்லாமலே காலுறை காலில் நிற்கும் இரகசியம் அதுதான்.

சொல்வதற்கு இது எளிது. ஐந்து ஊசிகளையும் கையில் பிடித்தபோது மருமகளுக்கு முள்ளம்பன்றியைத் தூக்கி வைத்திருப்பது போல இருந்தது. ஒரு பக்கம் ஊசி நழுவினால், மறுபக்கம் கண்ணி கழன்றது. முதல் முயற்சியில், வட்டமாக இணைக்கும்போது கண்ணிகள் முறுக்கிக்கொண்டன. மூன்று இரவுகள் பின்னிய பிறகே அது தெரிந்தது. முறுக்கிய வட்டத்தை நிமிர்த்த வழியே இல்லை. ஆண்டி புன்னகையோடு ஊசிகளை உருவி, நூலைப் பிடித்து இழுத்தார். மூன்று இரவு உழைப்பு அரை நிமிடத்தில் வெறும் நூலாகிவிட்டது.

இரண்டாவது முயற்சியில், நடுவில் ஒரு கண்ணி நழுவி விழுந்தது. ஒரு கண்ணி நழுவினால் அதன் கீழே இருப்பதும், அதற்குக் கீழே இருப்பதும் ஏணிப்படி போலக் கழன்றுகொண்டே போகும். ஒவ்வொரு கண்ணியும் தனக்கு மேலே இருப்பதைத் தாங்குகிறது. மேலே இருப்பதோ கீழே உள்ளதைப் பிடித்து வைத்திருக்கிறது. குரோஷே ஊசியால் அந்த ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறி, விழுந்த கண்ணியை மீட்பது எப்படி என்று ஆண்டி காட்டினார்.

கைத்திறனைவிடப் பெரிய சவாலாக இருந்தது நேரம். மருமகள் ஓர் அலுவலகத்தில் கணக்காளர். அவருடைய கணவர் பேருந்து ஓட்டுநர். விடியும் முன்பே வேலைக்குப் புறப்பட்டுவிடுவார். மகன் தொடக்கநிலை ஆறில் படிக்கிறான். ஆண்டு இறுதிக்குள் பெரிய தேர்வு. மகள் உயர்நிலை இரண்டு. வாரத்தில் இரு நாள் இணைப்பாட நடவடிக்கை முடிந்து தாமதமாகத்தான் வீடு திரும்புவாள். சமையல், துணி, வீட்டுப்பாடம், மருந்து நேரம் ஆகிய அனைத்தும் முடிந்து மருமகள் நாற்காலியில் அமரும்போது இரவு மணி பத்தைத் தாண்டியிருக்கும். அந்த நேரத்தில் அரை மணியில் 4 சுற்று பின்னினாலே பெரிய விஷயம். ஒரு காலுறைக்கோ ஏறக்குறைய 160 சுற்று தேவை.

அந்த அரை மணி நேரமும் அவருக்கு முழுதாகக் கிடைத்ததில்லை.

"முப்பத்தேழு, முப்பத்தெட்டு..."

"அம்மா, சதவீதக் கணக்கு வரவில்லை!"

"முப்பத்தெட்டு... முப்பத்தொன்பது..."

"அம்மா, என் விளையாட்டுச் சட்டை காய்ந்துவிட்டதா?"

எண்ணிக்கை சிதறும். மீண்டும் முதலிலிருந்து எண்ணினால் ஒரு நாள் 61 கண்ணி இருக்கும். மறுநாள் 65 இருக்கும். 64 மட்டும் வருவதே இல்லை. இதைக் கட்டிலில் சாய்ந்தபடி கவனித்துக்கொண்டிருந்த பாட்டி, ஒருநாள் தாமே உரக்க எண்ணத் தொடங்கினார். இளம் வயதில் சந்தையில் காய்கறி விற்றவர் அவர். அந்தக் காலப் பழக்கத்தில் மலாயில்தான் எண்ணுவார். "சத்து, டுவா, தீகா, அம்பாட்..." என்று அவர் நான்கு நான்காக எண்ணிக்கொடுக்க, மருமகள் பின்னினார். வேறு எந்தக் கேள்வி குறுக்கே வந்தாலும் பாட்டியின் எண்ணிக்கை நிற்காது. ஆண்டி பாடம் சொல்லித் தர வந்தபோது, மாமியாரும் அவரும் சந்தை மலாயில் பழங்கதை பேசிச் சிரித்தார்கள். சிகிச்சை தொடங்கியதிலிருந்து பாட்டி அவ்வளவு பேசியதில்லை.

மகனுக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. "இயந்திரம் சில நிமிடங்களில் ஒரு காலுறையைப் பின்னிவிடுமே! நீங்கள் ஏன் மாதக்கணக்கில் கஷ்டப்படுகிறீர்கள்?" என்று கேட்டான்.

அவன் கேட்டது நியாயமான கேள்விதான். மனிதன் காலுறை செய்யத் தொடங்கி நெடுங்காலம் ஆகிறது. கி.பி. 3ஆம் நூற்றாண்டுக்கும் 5ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் எகிப்தில் ஒற்றை ஊசியால் செய்யப்பட்ட கம்பளிக் காலுறைகள், இலண்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அரும்பொருளகத்தில் இருக்கின்றன. செருப்பு அணிவதற்கு ஏற்ப, கட்டைவிரல் தனியாகப் பிரிந்திருக்கும் காலுறைகள் அவை. 1589ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் லீ என்னும் பாதிரியார் காலுறை பின்னும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். அந்த வழியில் வளர்ந்த தொழில்நுட்பத்தால்தான் இன்று தமிழ்நாட்டின் திருப்பூர் போன்ற நகரங்கள் உலகத்துக்கே பின்னலாடைகளை அனுப்புகின்றன. இயந்திரம் விரைவானது, மலிவானது, பிழை செய்யாதது. எனினும், அது பல்லாயிரம் பேருக்குப் பொருந்தும் ஓர் அளவில் பின்னுகிறது.

மருமகள் தம் மகனைப் பாட்டியின் அருகில் அழைத்துச் சென்றார். அன்று சிகிச்சைக்கு முந்தைய மாலை. உடலில் நீர் சேர்ந்திருந்ததால் பாட்டியின் பாதம் சற்று வீங்கியிருந்தது. அளவு நாடாவால் பாதத்தை அளந்து மகனிடம் காட்டினார். மறுநாள் சிகிச்சை முடிந்த பிறகு மீண்டும் அளந்தார். அளவு குறைந்திருந்தது. "ஒரே பாதம், இரண்டு அளவு. இரண்டுக்கும் இந்தக் காலுறை பொருந்த வேண்டும். அதனால்தான் நானே பின்னுகிறேன்" என்றார். மகன் ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின், அம்மா எண்ணும்போது கணக்குப் புத்தகத்தோடு குறுக்கே வருவதைக் குறைத்துக்கொண்டான்.

குதிகால் பகுதி வந்தபோது மகள் உதவிக்கு வந்தாள். நேராகச் செல்லும் குழாய் போன்ற பின்னல், பாதத்தின் வடிவத்துக்கு ஏற்ப வளைவது அங்கேதான். 64 கண்ணிகளில் பாதியான 32 கண்ணிகளை மட்டும் எடுத்து, 32 வரிசை முன்னும் பின்னுமாகப் பின்ன வேண்டும். பிறகு, நடுவிலிருந்து தொடங்கிக் கண்ணிகளை இணைத்துக் குறைத்துக்கொண்டே வந்தால் குழிவான கிண்ணம் போன்ற வடிவம் கிடைக்கும். மிஞ்சுவது 18 கண்ணி. பக்கத்துக்கு 16 கண்ணிகளை ஓரத்திலிருந்து புதிதாக எடுத்து, மேல்பாதத்துக்குரிய 32 கண்ணிகளோடு சேர்த்தால் மொத்தம் 82. அதை மீண்டும் 64 ஆகக் குறைக்க வேண்டும். மகள் இவற்றையெல்லாம் ஒரு தாளில் அட்டவணையாக எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள். தட்டையான துணி அம்மாவின் கையில் குதிகாலாகத் திரும்பிய இரவில், அவள் தன் வீட்டுப்பாடத்தை மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு வாரத்தில் முதல் காலுறை முடிந்தது. பாட்டி ஆசையோடு அணிந்துகொண்டார். இடது கணுக்காலுக்கு மேலே ஒன்றிரண்டு கண்ணிகள் கோணலாக இருந்தன. ஆனாலும் அது இறுக்கவில்லை, கதகதப்பாக இருந்தது. "எவ்வளவு மெத்தென்று இருக்கிறது!" என்று பாட்டி பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மருமகள் காலுறையைக் கழற்றி, அதன் உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். அடிப்பாதத்தில், விரல்களுக்குச் சற்றுப் பின்னால், சிறிதாக ஏதோ தட்டுப்பட்டது. அது ஒரு முடிச்சு. இரண்டு வாரத்துக்கு முன்பு மகனின் நாற்காலிச் சக்கரத்தில் சிக்கி நூல் அறுந்துவிட்டது. அந்த நேரத்தில் அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பள்ளிப் படிவம் ஒன்றில் கையெழுத்து வேண்டி மகள் காத்திருந்தாள். அவர் அவசரமாக இரு முனைகளையும் முடிந்துவிட்டுப் பின்னலைத் தொடர்ந்திருந்தார். முடிச்சு கடுகளவுதான் இருக்கும்.

"அத்தை, இங்கே ஏதாவது உறுத்துகிறதா?"

"ஒன்றுமே உறுத்தவில்லை, அம்மாடி."

அந்தப் பதில்தான் மருமகளைக் கலங்க வைத்தது. மற்றவர்களுக்கு அது உறுத்தியிருக்கும். உறுத்தியிருந்தால் கழற்றி எறிந்திருப்பார்கள். பாட்டியோ 4 மணி நேரமும் அதன்மேல் பாதத்தை அழுத்திக்கொண்டு, ஒன்றும் அறியாமல் அமர்ந்திருப்பார். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள். இந்தக் கடுகு ஒரு பாதத்தையே புண்ணாக்கிவிடும்.

முடிச்சை மட்டும் எடுக்க வழி உண்டா என்று ஆண்டியிடம் கேட்டார். ஆண்டி காலுறையை விளக்கின்கீழ் பிடித்துப் பார்த்துத் தலையை அசைத்தார். முடிச்சை வெட்டினால் அந்த இடமே பிரிந்துவிடும். விரல் முனையிலிருந்து பின்னோக்கி 40 சுற்று அவிழ்க்க வேண்டும். 40 சுற்று என்றால் பத்து இரவு.

"வேண்டாம், அவிழ்க்காதே. நீ கண் விழித்துப் பின்னியது. நான் பார்த்துப் போட்டுக்கொள்கிறேன்" என்று பாட்டி காலுறையைத் தம் மடியில் வைத்து மூடிக்கொண்டார். அவருடைய குரலில் கோபமும் இருந்தது, வருத்தமும் இருந்தது. தமக்காக இந்த வீடு படும் சிரமங்களின் பட்டியலில் இன்னும் ஒன்றைச் சேர்க்க அவர் விரும்பவில்லை.

மருமகள் உடனே பதில் சொல்லவில்லை. பாட்டியின் அருகில் அமர்ந்து, அவருடைய பாதத்தைத் தம் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "அத்தை, இந்தக் காலுறை என் உழைப்பைக் காட்டுவதற்கு இல்லை. உங்கள் காலைக் காப்பதற்கு. காலைக் கெடுத்துவிட்டால் நான் கண் விழித்ததற்கு என்ன பயன்?" என்றார்.

சிறிது நேரம் கழித்துப் பாட்டி காலுறையை நீட்டினார். "சரி. நீ நூலை இழு, நான் சுற்றுகிறேன்" என்றார். மருமகள் சுற்றுச் சுற்றாக அவிழ்க்க, பாட்டி அந்த நூலை உருண்டையாகச் சுற்றினார். ஒவ்வொரு சுற்றையும் அவரே எண்ணினார். நாற்பதாவது சுற்றில் முடிச்சு வெளியே வந்தது. இம்முறை நூலை இணைக்க ஆண்டி சரியான முறையைக் கற்றுக்கொடுத்தார். பழைய நூலின் முனையையும் புதிய நூலின் முனையையும் சேர்த்துப் பிடித்துச் சில கண்ணிகளைப் பின்ன வேண்டும். முடிச்சே தேவையில்லை. விரல் முனையை மூடுவதற்கும் தடித்த தையல் போடாமல், இரு ஊசிகளிலும் உள்ள கண்ணிகளைத் தையல் ஊசியால் ஒன்றோடொன்று கோத்து, இணைத்த இடமே தெரியாதபடி முடிக்கச் சொன்னார்.

பொதுவாக, காலுறை பின்னுபவர்களுள் பலர் முதல் காலுறையோடு நின்றுவிடுவதுண்டு. புதுமை தீர்ந்துவிடுகிறது, அதே 160 சுற்றுகளை மீண்டும் தொடங்க மனம் வருவதில்லை. ஆனால், பாட்டிக்கு இரண்டு பாதங்கள். ஒரு பாதம் சூடாகவும் மறுபாதம் சில்லென்றும் இருந்தால் யாருக்கும் உறக்கம் வராது. எனவே, மருமகள் மறுநாளே மீண்டும் 64 கண்ணிகளை ஏற்றினார்.

இரண்டாவது காலுறையின்போது வீட்டின் வேலைகள் எதுவும் குறைந்துவிடவில்லை. மகனின் தேர்வு நெருங்கியதால் உண்மையில் அவை கூடின. ஆயினும், கை பழகிவிட்டது. அரை மணியில் 4 சுற்று பின்னியவர் இப்போது 6 சுற்று பின்னினார். பேருந்து நிறுத்தத்திலும், சிகிச்சை நிலையத்தின் காத்திருப்புப் பகுதியிலும் பின்னல் அவருடைய பையிலிருந்து வெளியே வந்தது. குறுக்கே யாராவது அழைத்தால், சுற்றை முடித்துவிட்டுத் திரும்பினார். குழந்தைகளும் அந்த ஒரு நிமிடம் காத்திருக்கப் பழகினார்கள். கண்ணி நழுவினால் பதறாமல் குரோஷே ஊசியைத் தேடினார். முதல் காலுறைக்கு இரண்டு மாதம் ஆனது; இரண்டாவதற்கு நான்கு வாரம்தான்.

இரண்டையும் அருகருகே வைத்தபோது ஒரு வேடிக்கை தெரிந்தது. முதலாவது சற்று நீளமாக, தளர்வாக இருந்தது. இரண்டாவது சீராக, அழகாக இருந்தது. தாதி இரண்டையும் உட்புறம் திருப்பி, விரலால் தடவிச் சோதித்தார். பிறகுதான் பாட்டிக்கு அணிவித்தார். அன்று சிகிச்சை முடிந்ததும் காலுறைகளைக் கழற்றிப் பார்த்தார். பாதங்கள் வெதுவெதுப்பாக இருந்தன. தோலில் எங்கும் தடமில்லை.

நூற்கண்டில் இன்னும் கொஞ்சம் நூல் மீதமிருந்தது. குதிகால் தேய்ந்தால் சரிசெய்ய அது உதவும் என்று ஆண்டி சொல்லியிருந்ததால், மருமகள் அதைப் பழைய பிஸ்கட் டின்னில் பத்திரப்படுத்தினார். குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருந்த அட்டவணையும் அதே டின்னுக்குள் போனது. மூடுவதற்கு முன் மகள் அந்தத் தாளின் அடியில் ஒரு வரி எழுதினாள்: "பாட்டியின் கால் அதிகம் வீங்கினால், அடுத்த ஜோடிக்கு 68 கண்ணி."